தளமும் ஊரும்: திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

திருகோணமலைத் துறைமுகம் பற்றி இலங்கை வரலாற்று நூல்களில் எழுதப்பட்டுள்ள பக்கங்களைப் புரட்டுவோர்க்கு ஓர் உண்மை எளிதிற் புலப்படும். அப்பக்கங்களிற் கப்பல்கள் வருகின்றன. கொடிகள் ஏறுகின்றன, இறங்குகின்றன. தளபதிகள் ஒருவரையொருவர் வெல்கின்றனர். ஆனால், அக்கப்பல்களைப் பழுது பார்த்தவர் யாவர், கொடி மாறிய மறுநாள் அவர்தம் வீட்டில் உலை ஏறியதா என்னும் வினாக்களுக்கு விடை காண்பது அரிது. ஒரு படைத்தளத்தின் வரலாறு அதனைக் கைப்பற்றியோரின் வரலாறாக மட்டுமே எழுதப்பட்டு வந்ததன் விளைவு இது. தளம் வேறு, ஊர் வேறு என்று பிரித்து நோக்கும் வழக்கத்தைச் சிறிது மாற்றி, தளம் வந்தபோதும் போனபோதும் ஊருக்கு நேர்ந்தது யாது என்பதைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இயற்கை அமைப்பு பற்றிச் சில கூறுதல் வேண்டும். கொட்டியாரக் குடாவின் வடபுறத்தில், குன்றுகளால் மூன்று புறமும் காக்கப்பட்டு, உட்துறைமுகம் அமைந்துள்ளது. கடலடியிற் செல்லும் ஆழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்று குடாவினுள்ளேயே நுழைவதால், பெருங்கப்பல்களும் கரைக்கு மிக அண்மையில் வந்து நிற்கக் கூடியதாயுள்ளது. இத்தகைய துறைமுகம் வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையில் வேறெங்கும் இல்லை. சென்னையிலும் நாகபட்டினத்திலும் அக்காலக் கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டன. ஒக்டோபரில் வடகீழ்ப் பருவக்காற்றுத் தொடங்கியதும் அங்கே நிற்பது அழிவைத் தேடுவதாகும். ஆதலாற் பாய்க்கப்பற் காலத்துக் கடற்படைகள் ஆண்டுதோறும் கிழக்குக் கரையைக் கைவிட்டுப் பம்பாய் வரை செல்ல வேண்டியிருந்தது. திருகோணமலை எவர் கையில் உள்ளதோ அவர் மட்டும் மாரியிலும் விரிகுடாவை விட்டு அகல வேண்டியதில்லை. இவ்வூரின் மேல் ஐரோப்பியர் கொண்ட ஆசைக்குக் காரணம் கறுவாவோ யானையோ அன்று, காற்றே எனலாம்.

1782ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் இதனைத் தெளிவுறுத்தும். அவ்வாண்டு சனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து இத்துறைமுகத்தைப் பறித்தனர். ஆகஸ்ட் மாத இறுதியிற் பிரான்சியக் கடற்படைத் தலைவன் சஃப்ரன் அதனை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தான். செப்டெம்பர் 3ஆந் திகதி துறைமுகத்துக்கு வெளியே இரு கடற்படைகளும் மோதின. வெற்றி எவருக்கு என்பது தெளிவாகாத அப்போரின் பின், துறைமுகத்தை இழந்த ஆங்கிலத் தலைவன் ஹியூஸ் மாரி தொடங்கியதும் தன் கப்பல்களைப் பம்பாய்க்கு இட்டுச் செல்ல நேர்ந்தது. ஓராண்டினுள் மூன்று கொடிகள். சமாதான உடன்படிக்கைப்படி ஊர் மீண்டும் ஒல்லாந்தரிடம் சேர்ந்தது. 1795இல் ஆங்கிலேயர் திரும்பவும் வந்தனர். இம்முறை நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் அகலவில்லை.

இனி, ஊரின் பக்கம் திரும்புவோம். தளம் தோன்றுவதற்கு முன்னரே இங்கு ஊர் இருந்தது. ஊருக்கு நடுநாயகமாகக் கோயில் இருந்தது. ஏழாம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தராற் பாடப்பெற்ற பெருமையுடையது கோணேசர் கோயில். 1620களின் தொடக்கத்திற் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா அதனை இடித்து, அதன் கற்களையே கொண்டு கோட்டை எழுப்பினான். இந்நிகழ்ச்சியைச் சமயப் பகையின் விளைவாக மட்டுமே காண்பது வழக்கம். அது பொய்யன்று, எனினும் முழுமையுமன்று. கடலுள் நீண்டு நிற்கும் அப்பாறை முனை பீரங்கி வைப்பதற்கும் ஏற்ற இடம். கோயிலுக்கு உகந்த இடம் கோட்டைக்கும் உகந்ததாயமைந்ததே இவ்வூரின் பிற்காலத் துன்பங்கள் பலவற்றுக்கு வித்தாயிற்று. கோட்டை வாயிலிற் பதிக்கப்பட்டுள்ள, இணைக்கயல் பொறித்த கல்லும் அதிலுள்ள சிதைந்த தமிழ்ச் செய்யுளும் இன்றும் அவ்வழியாற் செல்வோரின் கண்ணிற்படுகின்றன. குளக்கோட்டன் திருப்பணியையும் பறங்கியர் அதனை அழிக்கப்போவதையும் முன்னறிவிப்பாகக் கூறுவது அச்செய்யுள் என்பது மரபு. இடித்தவரே அதனை வாயிலில் வைத்தனர் என்பது விந்தையே. அவர்களுக்கு அது வெறுங்கல்லாகவே தோன்றியிருத்தல் வேண்டும்.

கோட்டை எழுந்த நாள் முதலாக, கோணேசரை வழிபட விரும்புவோர் படைக்காவலைக் கடந்தே செல்ல வேண்டியவராயினர். 1803இல் யோர்க் கோமகனின் பெயரால் பிரெடெரிக் கோட்டை என ஆங்கிலேயர் அதற்குப் பெயரிட்டனர். கோயில் இல்லாத அக்காலத்திலும் அடியார் பாறையின் உச்சிக்குச் சென்று, கடலை நோக்கிப் பூவும் பழமும் தேங்காயும் எறிந்து வழிபட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையைப் பற்றி விரிவாக எழுதிய எமேர்சன் ரெனென்ற் இவ்வழிபாடு பற்றிக் கூறியுள்ளார். வழிபாடு நின்று போகவில்லை. கட்டடம் மட்டுமே இல்லை. அதே பாறையில் 1687ஆம் ஆண்டைக் குறிக்கும் ஒல்லாந்தக் கல்வெட்டுடன் ஒரு தூண் நிற்கின்றது. காதலன் கைவிட்டமையாற் கடலிற் குதித்த ஒல்லாந்தப் பெண்ணின் நினைவுத் தூண் என வழிகாட்டிகள் கதை சொல்வர். அப்பெண் பின்னர் மணமுடித்து வாழ்ந்தாள் என்பர் ஆவணங்களை ஆராய்ந்தோர். இடிந்த கோயிலைப் பற்றிக் கேட்க ஆளில்லாத இடத்தில், நடவாத தற்கொலைக்கு இத்துணைப் பார்வையாளர் சேர்வது ஒருபுறம் வேடிக்கையாகவும் உள்ளது.

ஆங்கிலேயர் ஆட்சியிற் கோட்டையினும் முக்கியத்துவம் பெற்றது கப்பற்றளமாகும். ஊரவர் நாவில் அது என்றும் 'டொக்யாட்'தான். கடற்படைப் பண்டகசாலை, பழுது பார்க்கும் பட்டறைகள், நிலக்கரிக் களஞ்சியம், தளபதி மாளிகை என அது உட்துறைமுகத்தின் கரையெங்கும் பரவியது. 1817இல் பம்பாயில், வாடியா குடும்பத்துப் பார்சித் தச்சர்களாற் தேக்குமரத்திற் கட்டப்பட்ட போர்க்கப்பல் ஒன்றுக்குத் 'திரிங்கோமலி' என்று பெயரிட்டனர். அக்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் இன்றும் பேணப்பட்டு மிதக்கின்றது. நகரின் பழைய கல்லறைத் தோட்டத்தில், நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பியான கடற்படைத் தலைவர் சார்ள்ஸ் ஒஸ்ரின் துயில்கின்றார். 1852இல் பர்மியப் போரின்போது ஐராவதி ஆற்றில் இறந்தவர் அவர். அத்தோட்டத்துக் கற்களைப் படித்துச் செல்வோர்க்கு, பீரங்கியினும் காய்ச்சலே தளத்தின் பெரும் பகை என்பது விளங்கும். இளம் படையினரும் அவர்தம் மனைவியரும் குழந்தைகளும் அங்கு வரிசையாக உள்ளனர்.

இக்கற்களிற் பெயர் பெறாதோரே நமக்கு முக்கியமானோர். தளம் என்பது நூற்றுக்கணக்கான தொழில்களின் கூட்டு. கொல்லர், தச்சர், பாய் தைப்போர், வண்ணம் பூசுவோர், கொதிகலன் துப்புரவு செய்வோர், படகோட்டிகள், சுமைகூலிகள், எழுதுவினைஞர், சமையலாளர், சலவைத் தொழிலாளர் ஆகியோரின்றி ஒரு கப்பலும் துறையை விட்டு நகராது. திருகோணமலைத் தமிழரும், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம்களும், தென்கரையிலிருந்து வந்த சிங்களவரும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுதுவினைஞரும், பறங்கியரும், தென்னிந்தியாவிலிருந்து வந்தோரும் ஒரே வாயிலினூடாக வேலைக்குச் சென்றனர். ஊரின் பெயர்களிலும் அத்தொடர்பு பதிந்துள்ளது. ஆங்கிலத்தில் 'ஓர்ஸ் ஹில்' எனப்படும் குன்று தமிழில் உவர்மலை. இரண்டின் ஒலியொற்றுமையைக் கேட்டபின் எது எதிலிருந்து பிறந்தது என்று ஊரவர் வாதிடுவதை நான் சிறுவயதிற் பலமுறை கேட்டதுண்டு. 'சைனா பே' சீனன்குடாவாயிற்று. டொக்யாட் வீதியும் உட்துறைமுக வீதியும் விளக்கம் வேண்டாதவை.

எங்கள் வீட்டு மூத்தோரின் பேச்சில் 'டொக்யாட் வேலை' என்ற தொடர் தனி மதிப்புடன் ஒலிக்கும். அது மாதச் சம்பளத்தைக் குறித்தது. கையிற் தொழில் உண்டு என்பதைக் குறித்தது. பெண் கொடுப்போர்க்கு ஒரு நம்பிக்கையையும் குறித்தது. என் பாட்டனாரின் தந்தையார் அங்கு பொருத்துநராக இருந்தவர். வாயிலிற் காட்டுவதற்கெனக் கொடுக்கப்பட்ட உலோக வில்லை ஒன்று எங்கள் அலுமாரியில் நெடுங்காலம் கிடந்தது. அதில் ஓர் எண் மட்டுமே உண்டு, பெயர் இல்லை. வேளாண்மையும் மீன்பிடியும் காலத்தை நம்பிய தொழில்கள். தளமோ மாதந்தவறாது கூலி தந்தது. ஆனால் அக்கூலி இலண்டனில் இருந்தோரின் கணக்கைச் சார்ந்தது என்பதை ஊர் இருமுறை உணர நேர்ந்தது.

முதன்முறை 1905. ஜேர்மனியின் கடற்படை வளர்ந்து வருவதைக் கண்ட பிரித்தானியக் கடற்படைத் தலைவர் பிஷர், தொலைவிற் சிதறிக் கிடந்த கப்பல்களைத் தாய்நாட்டுக் கடலுக்கு அழைத்துக்கொண்டார். பயன் குறைந்தவை எனத் தாம் கருதிய தளங்களை மூடினார். மூடப்பட்டவற்றுள் திருகோணமலையும் ஒன்று. வடகடலில் ஜேர்மனியர் கப்பல் கட்டியதால் வங்கக்கடற் கரையில் ஒரு கொல்லன் வேலையிழந்தான் என்று கூறினால் மிகையாகாது. மாற்றுத் தொழில் எதுவும் வளர்க்கப்படாத நகரம் அது. 1927இல் மாகோவிலிருந்து கல்லோயா வழியாகப் புகையிரதப் பாதை வந்து சேரும் வரை, தலைநகருடனான தொடர்பும் எளிதாயிருக்கவில்லை.

தளம் மீண்டும் உயிர் பெற்றதற்குக் காரணம் எண்ணெய். கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியபின், கிழக்கே செல்லும் கடற்படைக்கு வழியில் ஒரு பெருங்களஞ்சியம் வேண்டப்பட்டது. 1920களிலிருந்து சீனன்குடாவின் காடுகளை வெட்டி 101 எண்ணெய்த் தாங்கிகள் கட்டப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளத்தக்கது. அருகிலேயே விமானத் தளமும் அமைந்தது. மலேரியாக் காட்டினுள் இத்துணை இரும்பைக் கொண்டு சேர்த்து, அடித்தளமிட்டு, ஒட்டிப் பொருத்திய தொழிலாளரைப் பற்றித் தனியாக ஓர் ஆய்வு எழுதப்படல் வேண்டும்.

1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்ததும் உலகப்போர் திருகோணமலையின் வாயிலுக்கே வந்துவிட்டது. ஏப்பிரல் 5ஆந் திகதி கொழும்பைத் தாக்கிய யப்பானியக் கடற்படை, 9ஆந் திகதி காலையில் இங்கு வந்தது. நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த ஏறத்தாழ 130 விமானங்கள் துறைமுகத்தையும் டொக்யாட்டையும் விமானத் தளத்தையும் தாக்கின. முன்னைய இரவே துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பலவற்றைக் கடலுக்கு அனுப்பியிருந்தனர். எனினும் விமானந்தாங்கிக் கப்பலான 'ஹேர்மிஸ்' மட்டக்களப்புக்கு அப்பாற் கண்டுபிடிக்கப்பட்டு மூழ்கடிக்கப்பட்டது. முந்நூறுக்கு மேற்பட்டோர் அதனுடன் மாண்டனர். யப்பானிய விமானம் ஒன்று எண்ணெய்த் தாங்கியொன்றின் மீது வீழ்ந்தது. அது ஏழு நாள் எரிந்ததாகக் கூறுவர். உருகிச் சரிந்த இரும்புச் சுவர்களை இன்றும் காணலாம். அவ்விமானத்தில் வந்த மூவரின் பெயர்கள் பதிவாகியுள்ளன. ஹேர்மிஸ் கப்பலில் இறந்தோரின் பெயர்களும் பதிவாகியுள்ளன. பட்டறைகளில் அன்று காலை வேலைக்கு வந்தவர்கள் போர் வரலாற்று நூல்களில் 'டொக்யாட் சேதமடைந்தது' என்ற தொடருக்குள் அடங்கிவிடுகின்றனர்.

கீழைக் கடற்படை ஆபிரிக்கக் கரைக்குப் பின்வாங்கி, 1944இல் திரும்பி வந்தது. அதன்பின் வந்த பதினெட்டு மாதங்களில் நகரம் தன் வரலாற்றிற் காணாத கூட்டத்தைக் கண்டது. 'ஹைபிளையர்' என்ற பெயருடைய கரைத்தளத்தில் ஆயிரக்கணக்கான மாலுமிகள் தங்கினர். பிரித்தானியப் பெண்கள் படையினரும் வந்தனர். அவ்வாண்டு ஆகஸ்ட் 8ஆந் திகதி, 'வலியன்ற்' என்ற பெரும் போர்க்கப்பலை ஏற்றியிருந்த மிதக்குந் துறை பாரம் தாங்காது முறிந்து மூழ்கியது. இத்தகைய பெருங்கூட்டம் உண்ண வேண்டும், உடுக்க வேண்டும். காய்கறி, மீன், முட்டை, தயிர், விறகு, தையல், சலவை எனச் சுற்றுப்புறக் கிராமங்கள் யாவும் தளத்தின் சந்தையுட் புகுந்தன. பணம் புழங்கியது, விலைவாசியும் ஏறியது. போர் முடிந்ததும் அக்கூட்டம் கரைந்தது, சந்தையும் சுருங்கிற்று.

சுதந்திரத்தின்போது தளம் கைமாறவில்லை. 1947 நவம்பரில் ஒப்பமிடப்பட்ட பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ்ப் பிரித்தானியர் இங்கு நிலைத்தனர். 1956இல் பதவிக்கு வந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா, எந்த வல்லரசுக் கூட்டிலும் சேராமை என்னும் கொள்கைக்கிணங்கத் தளங்களைத் திருப்பிக் கேட்டார். 1957 ஒக்டோபர் 15ஆந் திகதி திருகோணமலைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. அடுத்த மாதம் கட்டுநாயக்கா விமானத் தளமும் ஒப்படைக்கப்பட்டது. அந்நியப் படை நீங்கியது மகிழ்தற்குரியதே, அதில் ஐயமில்லை. எனினும் அம்மகிழ்ச்சியின் விலையை எவர் செலுத்தினர் என்பதையும் கேட்டல் வேண்டும். உலகின் பெருங்கடற்படையொன்றுக்குப் பணி செய்த பட்டறைகள், 1950இல் நிறுவப்பட்ட சிறியதொரு கடற்படையின் தேவைக்கு மிஞ்சியவையாயின. வேலையாட்களும் மிஞ்சினர்.

இக்காலச் சூழலை மறத்தலாகாது. 1956 யூனில் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி தன் மாநாட்டைத் திருகோணமலையிலேயே கூட்டிற்று. 1957 யூலையிற் செய்யப்பட்ட பண்டாரநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தம், குடியேற்றத் திட்டங்களில் ஆட்களைத் தெரியும் உரிமையைப் பிராந்திய சபைகளுக்கு வழங்க முற்பட்டது. 1958 ஏப்பிரலில் அவ்வொப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. சரியாக இவ்வேளையிலேதான் தளத்தில் வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர் ஏறத்தாழ 400 பேரைப் பதவியாக் குடியேற்றப் பகுதியில் அமர்த்தும் யோசனை எழுந்தது. யோசனை வெளியானதும் எதிர்ப்பும் மிரட்டலும் தலைதூக்கின. அம்மே மாதத்தில் நாடெங்கும் பரவிய வன்செயல், அவ்வட்டாரத்துக்கு அயலிலுள்ள பொலன்னறுவையிலேதான் முதலில் வெறிகொண்டு எழுந்தது. 1958 கலவரத்துக்குக் காரணங்கள் பல. வேலையிழந்த நானூறு பேரே காரணமென எவரும் கூறார். ஆனால் பட்டறையில் ஒருமித்து உழைத்தவர்கள், பட்டறை மூடியபின் காணிக்குப் போட்டியிடும் இரு இனங்களாக மட்டுமே அரசியல்வாதிகளின் கண்ணிற்பட்டனர். ஒரே வாயிலால் அவர்களைச் சேர்த்தது கூலி. அக்கூலி நின்றபோது அவர்களைச் சேர்த்து வைத்திருக்க வேறெதுவும் கட்டி எழுப்பப்பட்டிருக்கவில்லை.

தளம் சுருங்கிய அதே ஆண்டுகளிற் கோயில் மீண்டும் எழுந்தது. 1950இல் கிணறு தோண்டியபோது பழைய திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956இல் ஆதர் சி. கிளாக்கும் அவர்தம் நண்பர் மைக் வில்சனும் பாறையடிக் கடலிற் கோயிற் சிதைவுகளைக் கண்டனர். 1963இற் குடமுழுக்கு நிகழ்ந்தது. ஆனால் கோட்டை கோட்டையாகவே இருந்தது. 1968இல் உள்ளூராட்சி அமைச்சராயிருந்த மு. திருச்செல்வம், கோயிற் சூழலைப் புனித பிரதேசமாக்குவது பற்றி ஆராயக் குழுவொன்றை நியமித்தார். எதிர்ப்புக் கிளம்பவே பிரதமர் டட்லி சேனநாயக்கா குழுவைக் கலைத்தார். அமைச்சர் பதவி துறந்தார். தமிழரசுக் கட்சியும் அரசை விட்டு நீங்கியது. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பீரங்கிக்கு உகந்த இடமாகக் கண்ட பாறை, ஓர் அரசின் கூட்டணியையே அசைத்தது.

அதன்பின் நடந்தவை பலருக்கும் நினைவிலுள்ளவை. ஆதலாற் சுருங்கக் கூறுகின்றேன். முன்னர் ஊர் தளத்தினுள் வேலைக்குச் சென்றது. பின்னர் தளம் ஊருக்குள் வந்தது. 1983 யூலையிற் கடற்படையினர் பலர் கட்டளையை மீறித் தளத்தை விட்டு வெளிவந்து, நகரிலுள்ள தமிழர் வீடுகளையும் கடைகளையும் எரித்தனர். 1987 முதல் 1990 வரை இந்தியப் படை இங்கிருந்தது. 2009 வரை நீண்ட போரில், வாயில் என்பது வேலைக்குச் செல்லும் வழியாக அன்றி, நின்று அடையாள அட்டை காட்டும் இடமாகவே என் தலைமுறைக்கு அறிமுகமாயிற்று. இன்றும் கோணேசரைத் தரிசிக்கச் செல்வோர் இராணுவம் நிலைகொண்டுள்ள கோட்டையினூடாகவே, புள்ளிமான்கள் மேயும் மர நிழலைக் கடந்து செல்கின்றனர்.

சீனன்குடாத் தாங்கிகளுள் 99 எஞ்சியுள்ளன. 1987 யூலை 29ஆந் திகதி இலங்கை – இந்திய உடன்படிக்கையுடன் பரிமாறப்பட்ட கடிதங்களில் அவை இடம்பெற்றன. 2022 சனவரியில் அவற்றுள் 14 இந்திய நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் எனப் பிரிக்கப்பட்டன. செய்தித்தாள்கள் அதனை வல்லரசுகளின் போட்டியாக எழுதின. சஃப்ரன் காலத்தில் எழுதியிருந்தாலும் ஏறத்தாழ அவ்வாறே எழுதியிருப்பர்.

1957இல் இருபது வயதில் டொக்யாட்டில் வேலை செய்தவர் எவராயினும், இன்று எண்பத்தைந்தைக் கடந்தவர். எங்கள் அயலில் அத்தகையோர் ஒரு சிலரே உளர். எத்தனை மணிக்கு வாயில் திறந்தது, மேற்பார்வையாளர் எம்மொழியிற் பேசினார், சம்பள நாளிற் கடைத்தெரு எப்படியிருந்தது, வேலை முடிந்ததாக அறிவித்த நாளில் யார் யாரிடம் என்ன சொன்னார் என்பவை அவர்கள் நினைவில் மட்டுமே உள்ளன. வரும் விடுமுறையில் ஒலிப்பதிவுக் கருவியொன்றுடன் அவர்களைச் சந்திக்க எண்ணியுள்ளேன். திருகோணமலையைச் சேர்ந்த ஏனைய மாணவரும் தத்தம் வீட்டுப் பெரியோரிடம் கேட்டெழுதி அனுப்பின் உதவியாக இருக்கும்.